இரண்டு வீட்டுக் காய்ச்சல்

1. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, தீபாவளி சீசனில் ஒரு நாள், நெற்றியில் வைத்த ஈரத்துணி வைத்த வேகத்தில் சூடாகும் அளவுக்குக் காய்ச்சல் வந்தது.
2. அம்மா அன்று பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறவில்லை.
3. அம்மா வழக்கமாக மருந்து அடைக்கும் அறையில் முற்பகலில் தீப்பிடித்தது.
4. கர்த்தர் என் காய்ச்சலைக் கொண்டு அம்மாவைக் காப்பாற்றினார்.

இதுதான் என் "சாட்சி". எம். புதுப்பட்டியில் எங்கள் சபையின் ஸ்தோத்திர ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வதற்கு அப்படிப் பெயர். ஒவ்வொரு வருடமும் மைக்கைப் பிடித்து இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்வேன். மூன்றாவதில் சபை பெருமூச்சு விடும், நான்காவதில் "அல்லேலூயா" என்று தகரக் கூரை அதிரும். சொல்லிச் சொல்லிக் காய்ச்சலின் நினைவே எனக்குப் போய்விட்டது. மிஞ்சியவை வாக்கியங்கள்தான்.

மூன்றாம் வரிசையில் மரியாள் அத்தை உட்கார்ந்திருப்பார். அன்று அம்மாவின் இடத்தில் வேலை செய்தவர் அவர்தான். வலது கை விரல்கள் வெந்து உள்ளங்கையோடு ஒட்டிப்போயின. நான் சாட்சி சொல்லும்போது இடது கையை உயர்த்தி அவரும் ஸ்தோத்திரம் சொல்வார். ஒரே ஒரு வருடம் தவிர, என் சாட்சியில் அவர் பெயர் வந்ததே இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஒருநாள், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏ புள்ள, ஒங்காய்ச்சலு எம்புட்டுப் பேமசாயிருச்சு! எம் மவனுக்குந்தான் அன்னிக்குக் காய்ச்சலு. அதை யாரு கேட்டா?"

"அப்பறம் ஏன் அத்தை வேலைக்குப் போனீக?"

"சீசன்ல ரெண்டு பேரு லீவு கேட்டா போர்மேன் விடுவானா? ஒங்கம்மா முந்திக்கிட்டா."

அடுத்த வருடம் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: அன்று மரியாள் அத்தை வீட்டிலும் காய்ச்சல் இருந்தது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை மெதுவாக வாங்கிப் பாட்டைத் தொடங்கினார். வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டார்: "நான் என்ன, அவளப் பிடிச்சா உள்ள தள்ளுனேன்? அவ கையத் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீ மைக்குல வேற சொல்லணுமாடி?"

மறு வருடத்திலிருந்து மீண்டும் நான்குதான்.

ஐந்தாவதைச் சொன்ன அந்த வாரம்தான் ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினேன். இப்போது விருதுநகரில் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே எண்ணெயின் இரண்டு மாதிரிகள் இரண்டு அளவு காட்டினால், நமக்குப் பிடித்ததை மட்டும் பதிவு செய்ய முடியாது. இரண்டையும் எழுத வேண்டும். சாட்சிக்கு முடிவு முன்பே தயாராக இருக்கிறது. ஜெபத்திலும் என் மனம் அவசரமாக நன்றிக்குத் தாவிவிடுகிறது. கட்டுரையில் மட்டுமே, பதில் தெரியாத இடத்தில் பதில் தெரியாமலேயே நிற்க முடிகிறது. விசுவாசம் போய்விட்டதால் நான் எழுதவில்லை. நான் மைக்கில் சொல்லாமல் விட்டதும் கர்த்தருக்குத் தெரியும் என்று விசுவாசிப்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. அம்மாவும் பட்டாசு வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இந்தக் கட்டுரையைப் போன வாரம் மரியாள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "எம் பேரத் தாராளமாப் போட்டுக்க. ஒங்கம்மாகிட்ட மட்டும் வாசிச்சிராத, தாங்க மாட்டா" என்றார்.

வருகிற ஆராதனையில் சாட்சி சொல்பவர்களின் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அம்மாவிடம் இதை இன்னும் காட்டவில்லை.