மண் விழும் சத்தம்

எங்கள் சபையில் யாராவது இறந்துவிட்டால், ஃப்ரீசர் பெட்டி வருவதற்கு முன்பே பாடகர் குழு போய்ச் சேர்ந்துவிடும். வீடு அம்பத்தூரில் இருந்தாலும் மேனாம்பேட்டில் இருந்தாலும் ஒன்றுதான். ஷாமியானாக்காரர் கம்பம் நட்டு முடிப்பதற்குள் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்து முதல் பாட்டைத் தொடங்கியிருப்போம். எடுக்கும்வரை மாறி மாறிப் பாட வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் குழி மூடும்வரை நிறுத்தக் கூடாது. வெளியூரிலிருந்து வந்து ஃபிளாட் வாங்கிய ஐ.டி. குடும்பங்கள் முதலில் இதைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். பிறகு அவர்கள் வீடுகளிலும் சாவு வந்தது, அவர்களே எங்களுக்கு ஃபோன் செய்தார்கள்.

இந்தக் குழுவுக்குத் தலைவர் எங்கள் எதிர்வீட்டு அண்ணன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்மோனியமெல்லாம் அவருக்குத் தேவையில்லை, ஒருமுறை தொண்டையைச் செருமினால் அதுவே சுருதி. துக்க வீட்டில் அழுகை ஏறினால் பாட்டும் ஏற வேண்டும் என்பது அவர் எங்களுக்கு வைத்த சட்டம். என் அம்மாவின் அடக்கத்தில் நான் குழியருகே கத்தி அழுதபோது, அவர் கையை உயர்த்தினார், குழு முழுவதும் குரலைக் கூட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுஷி அழக்கூட விடமாட்டார்களா என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலேயே அவரைப் பிடித்துக் கேட்டுவிட்டேன்.

"நீ அழுவுறதுக்கு இல்லம்மா. பொட்டி மேல மொத மண்ணு உழுற சத்தம் கீது பாரு, அத்த ஊட்டுக்காரங்க கேக்கக் கூடாது. அப்புறம் சாவுற வரிக்கும் காத உட்டுப் போவாது. அதுக்குத்தான் பாட்டே" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், அம்மாவின் பெட்டிமேல் மண் விழுந்ததை நான் பார்த்தேன், கேட்கவில்லை. அன்றிலிருந்து நானும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

கொரோனா வந்து சர்ச்சைப் பூட்டியதும் ஆராதனை கைபேசிக்குள் போனது. ஞாயிறு காலை எல்லோரும் குரூப் காலில் வருவோம். பாவ அறிக்கை நடுவே ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், இன்னொரு வீட்டில் மாமியாரும் மருமகளும் மைக் திறந்திருப்பது தெரியாமல் தேங்காய்ச் சட்னியைப் பற்றிப் பேசுவார்கள். எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒவ்வொரு வீட்டுக் குரலும் ஒரு வரி பின்தங்கி வரும். "ஒருத்தர் பரலோகம் போய்ச் சேந்துட்டாரு, இன்னொருத்தர் இன்னும் பாடி மேம்பாலத்துலயே நின்னுகினு கீறாரு" என்று அண்ணன் கிண்டல் செய்தார். கடைசியில் ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து பாடுவது, மற்றவர்கள் மூடிவைத்துக்கொண்டு அவரவர் வீட்டில் பாடுவது என்று ஆயர் முடிவு செய்தார். அந்த ஒருவர் அண்ணன்தான். நான் சமையலறையில் நின்று சுவரைப் பார்த்துப் பாடுவேன். கூடிப் பாடுவதற்கும் தனியாகப் பாடுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது அலையில் எங்கள் தெருவிலேயே வீடு வீடாகப் படுத்தார்கள். படுத்த வீட்டுக் கேட்டில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, நாலு அடி தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டு வருவோம். ரசம், இட்லி, கஞ்சி என்று யார் வீட்டில் எது முடிகிறதோ அது. சபையில் இத்தனை வருஷமாகப் பிரசங்கத்தில் கேட்ட அன்பு இதுதானா என்று நினைத்தபோது, இது போதாது என்றும் தோன்றியது. பையை மாட்டிவிட்டு ஓடி வருவதற்குப் பெயர் அன்பு என்றால், எனக்குக் கடவுள்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும், எங்களுக்கு அவர் அக்கா, ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. அக்காவுக்கு வீட்டிலேயே இருந்தால் போதும் என்றார்கள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பாட்டைக் கூட்டச் சொல்லும் அதே கை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அவர் இறந்த செய்தியை ஆயர்தான் எனக்குச் சொன்னார். உடலை வீட்டுக்குத் தரமாட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான், வீட்டு ஆள் ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். அண்ணனின் ஒரே மகள் நிறைமாதக் கர்ப்பிணி. அதனால் திருநின்றவூரிலிருந்து மருமகன் போவதென்று முடிவாயிற்று. நான் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுவதற்குக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை.

"நான் போவ முடியாது, பரவால்ல. மூஞ்சியக் காட்ட மாட்டாங்க, அதுவும் பரவால்ல. ஊரு சாவுக்கெல்லாம் பாடுன மனுஷன். அவரு பாட்டு இல்லாம போவக் கூடாது. அது ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுங்க" என்றார்.

செய்கிறோம் என்றேன். ஆயரிடமும் குழுவிடமும் பேசினேன். மருமகன் குழியருகே கைபேசியை ஸ்பீக்கரில் பிடித்துக்கொள்வார், நாங்கள் பாடுவோம். பின்தங்கினால் பின்தங்கட்டும், இன்று எல்லோரும் மைக்கைத் திறந்து பாடுவோம், அண்ணனுக்கு ஒற்றைக் குரல் போதாது என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.

மத்தியான வெயிலில் அழைப்பு வந்தது. முழுக்க மூடிய கவச உடையில் மருமகன், பின்னால் புதிதாகத் தோண்டிய மண். வண்டியிலிருந்து வெள்ளைப் பையில் சுற்றிய உடலை இறக்குவது ஆடிக்கொண்டே தெரிந்தது. ஆயர் ஜெபித்தார். நாங்கள் தொடங்கினோம். சந்தைக்கடைபோலத்தான் இருந்தது, ஒரு வீடு முதல் அடியில், ஒரு வீடு மூன்றாம் அடியில். ஆனால் விடாமல் பாடினோம்.

உடலைக் குழிக்குள் இறக்கும்போது மருமகன் கத்தினார். கைபேசி அவர் கையில் குலுங்கியது. ஐயோ, மாமனாருக்காக இப்படி அழுகிறாரே என்று நினைத்தேன். அழுகை ஏறினால் பாட்டும் ஏற வேண்டும். ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் குரலைக் கூட்டினோம். அவர் மறுபடி கத்தினார், நாங்கள் மேலும் கூட்டினோம். தொண்டை கிழிய, கடைசி அடிவரை பாடினோம். ஆயர் ஆசீர்வாதம் கூறினார். ஆமென் என்றோம். மருமகன் அழைப்பிலிருந்து போயிருந்தார். நன்றாக நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நாங்களும் அணைத்தோம். எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. சொன்னதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு.

கொஞ்ச நேரம் கழித்துத் தற்செயலாக எதிர்வீட்டைப் பார்த்தேன். அக்கா ஜன்னலில் கைபேசியைக் காதில் வைத்து நின்றார். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. உடம்பு குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன். கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டில் மாட்டிக் குரல் கொடுத்தேன்.

அவர் சொன்னது இதுதான். நாங்கள் பாடியது அண்ணனுக்கு அல்ல. ஒரே மாதிரி வெள்ளைப் பைகள். முதல் வண்டியில் வந்தவர் ஆவடிப் பக்கத்து அம்மா ஒருவர், வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கூட யாரும் வரவில்லை. இறக்கும்போதுதான் பையில் ஒட்டியிருந்த பெயரை மருமகன் பார்த்திருக்கிறார். நிறுத்துங்கள், இது மாமா இல்லை என்றுதான் அவர் கத்தியிருக்கிறார். அதைத்தான் நாங்கள் பாட்டால் அமுக்கினோம்.

கைபேசியில் சார்ஜ் தீரப்போகிறது என்று மருமகன் அக்காவிடம் மட்டும் பேசினாராம். "அத்தே, மாமா பின்னாடி வண்டில கீறாரு. இப்பதான் எறக்கிகினு கீறாங்க" என்று. அடுத்த வண்டி வாசலில் காத்துக்கொண்டிருந்தது, வேலையாட்கள் யாருக்காகவும் நிற்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன்மேல் மண்ணைத் தள்ளினார்கள்.

"நானாவது பாடலாம்னு வாயத் தொறந்தேன். இருமல்தான் வந்துச்சு" என்றார் அக்கா. "அப்புறம் எல்லாம் கேட்டுச்சு."

தெருவில் நின்று அழுதேன். அவர் என்னைத் தேற்றினார், அதுதான் கொடுமை. யாருமில்லாத அந்த அம்மாவுக்காவது பாட்டு கிடைத்ததே, அந்த வீட்டுக்காரர்களைக் கண்டுபிடித்து உங்கள் அம்மாவுக்கு நாங்கள் பாடினோம் என்று சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். எனக்கு அந்த நல்ல மனது வரவில்லை. முகம் தெரியாத அந்த அம்மாமேல்கூட எனக்குக் கோபம் வந்தது. ஆயர் விசாரித்துப் பார்த்தார். அந்த வீட்டில் விசாரிக்க ஆள் மிஞ்சவில்லை என்றுதான் பதில் வந்தது.

சர்ச்சைத் திறந்துவிட்டார்கள். துக்க வீடுகளுக்கு மறுபடி போகிறோம், பாய் விரிக்கிறோம், பாடுகிறோம். அண்ணன் இடத்தில் இப்போது நான் தொண்டையைச் செருமுகிறேன், சுருதி சேர்வதில்லை. அக்கா ஞாயிறு ஆராதனைக்கு வருவார், என் பக்கத்தில்தான் உட்காருவார், வாய் திறந்து பாடுவதில்லை. துக்க வீடு எதற்கும் வருவதில்லை. காரணம் தெரிந்தும் ஒருநாள் கேட்டேன்.

"நான் போனா யாரும் பாடாதீங்க. அவரு எப்டிப் போனாரோ அப்டியே நானும் போறேன்" என்றார்.

அது ஆகாது அக்கா, அண்ணனே இதைக் கேட்டால் திட்டுவார் என்று சண்டை போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சரியென்று சொல்லும்வரை விடவில்லை. சொன்னேன். ஆயரிடம் போய் முறையிட்டேன், ஜெபித்துப் பார்ப்போம் என்றார். இதில் ஜெபிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா போகும் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் போவோம், குழியைச் சுற்றி நிற்போம், ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.