மருந்து இல்லாத பத்தியம்

போன மாதம் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் ஒரு அம்மாளின் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிவிட்டேன்.

ஆமாம், தட்டித்தான் விட்டேன். அந்த அம்மாள் நல்லவர். கத்திக்கொண்டிருந்த என் மகன் பாபுவுக்கு முன் சீட்டிலிருந்து திரும்பி ஆசையாக நீட்டினார். அவனும் வாயைத் திறந்துவிட்டான். பேசிப் புரியவைக்க எங்கே நேரம்? கை முந்திக்கொண்டது. பிஸ்கட் கீழே விழுந்து யார் காலடியிலோ நொறுங்கியது...

அவ்வளவுதான். மொத்த பஸ்ஸும் என் பக்கம் திரும்பிவிட்டது.

"ஏம்மா, புள்ள பசியில கத்துது. நீயும் குடுக்க மாட்ட, குடுக்கறவங்களையும் தட்டிவுடுவியா?"

"பெத்தவதானா இவ?"

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் – "மூத்த தாரத்துப் புள்ளயா இருக்கும்."

பாபுவுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். எங்கள் தெருவில் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். மெட்ராஸில் ஒரு டாக்டர்தான் முதன்முதலாக 'ஆட்டிசம்' என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அரியலூரில் நான் என்ன செய்ய? யாரிடம் சொன்னாலும், "அது என்னா, காய்ச்சலா?" என்கிறார்கள்.

இதற்கு மருந்து கிடையாது என்றும் அவரே சொல்லிவிட்டார். நானும் என் கணவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"வெளிநாட்டுல சில டாக்டர்கள் கோதுமையையும் பாலையும் நிறுத்திப் பார்க்கறாங்க. சில பிள்ளைங்களுக்கு நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். வேணும்னா கொஞ்ச நாள் பாருங்க. பிள்ளை மெலிஞ்சா உடனே விட்டுடுங்க" என்றார்.

'நிச்சயம் இல்லை' என்பது மட்டும் எங்கள் காதில் விழவில்லை. எந்தத் தாய்க்கு விழும்?

கோதுமையை நிறுத்துவது நம் பக்கத்தில் ஒரு கஷ்டமா என்று கேட்பீர்கள். சோறு தின்கிற ஊர்தானே! ஆனால் என் மகன் சோறு தின்பவன் இல்லை. இந்த உலகத்தில் அவன் சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான் – பாலில் நனைத்த பொறை. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, அதே பொறை. காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான், ராத்திரியும் அதுதான். பொறை என்றால் மைதா, மைதா என்றால் கோதுமை. ஆக, டாக்டர் நிறுத்தச் சொன்னது அவனுடைய மொத்தச் சாப்பாட்டையும்!

வீட்டில் பால் வாசனையே இருக்கக் கூடாது என்று முதலில் பாலை நிறுத்தினேன். நாங்களும் கடுங்காப்பிக்கு மாறினோம். பால்காரர் எங்கள் வாசலில் நிற்காமல் போக ஆரம்பித்ததும், என் கணவரை ஆபீஸில் சஸ்பெண்ட் செய்துவிட்டதாகத் தெருவில் பேச்சு. எதிர் வீட்டு அம்மாள் ஒரு தூக்கில் பால் கொண்டுவந்து, "கஷ்டம் யாருக்குத்தான் வரல... வச்சுக்குங்க" என்றார். சிரிப்பதா, அழுவதா?

பொறைக்குப் பதிலாக அரிசி மாவுத் தட்டை செய்தேன். பாலுக்குப் பதிலாக அதே டம்ளரில் வெள்ளைக் கஞ்சி. ஏமாந்துவிடுவான் என்று நினைத்தேன். யார், அவனா? ஒரு முறை முகர்ந்தான். டம்ளர் பறந்தது. பால் பாத்திரம் வைக்கிற அலமாரி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அதன் கதவில் நெற்றியை மோதிக்கொண்டே இருந்தான். நடுவில் என் கையை வைத்தேன். என் கையில் மோதினான்.

பசி தாங்காமல் கடைசியில் தட்டையை எடுத்துக் கடித்தான். "சாப்புட்டுட்டான்!" என்று என் கணவர் குதித்தார். நான் கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதேன். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டு ஜெயித்திருக்கிறேன்... இதற்குப் பெயர் ஜெயிப்பதா?

பிறகு பழகிவிட்டான். அடிக்கடி வருகிற வயிற்றுப்போக்கு குறைந்தது. ராத்திரியில் கொஞ்சம் தூங்குகிறான். ஒரு நாள் கூப்பிட்டபோது திரும்பிக்கூடப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தானா, சுவரில் ஓடிய அணிலைப் பார்த்தானா, தெரியாது. என்னைத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் ஓடுகிற பஸ்ஸில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? திட்டு ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். பொய்யே சொல்லத் தெரியாதவர் என்று அதுவரை நான் நினைத்திருந்த மனிதர்!

"நாட்டு மருந்து சாப்புடுறான்ங்க. கடும் பத்தியம்."

பஸ் கப்சிப்.

"அட, அத மொதல்லயே சொல்லக் கூடாதா? மருந்து முறிஞ்சிருந்தா என்னாவுறது!" என்று பிஸ்கட் அம்மாளே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வைத்தியர் எந்த ஊருங்க?" – இது 'மூத்த தாரம்' குரல்.

"பச்சமலைப் பக்கம். பேர வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றார் என் கணவர், கொஞ்சமும் கூசாமல்.

"ஆமாமா, சொன்னா பலிக்காது" என்று பஸ்ஸே ஒத்துக்கொண்டது.

நம் ஜனங்களுக்குப் பத்தியம் என்றால் நன்றாகப் புரியும். காமாலைக்காரனுக்கு எண்ணெயை யாரும் நீட்ட மாட்டார்கள். ஆனால் பத்தியத்துக்குப் பின்னால் ஒரு மருந்து இருக்க வேண்டும். மருந்தே இல்லாத வெறும் பத்தியம் யாருக்குப் புரியும்? யோசித்துப் பார்த்தால், எனக்கே புரிகிறதா என்ன?

அன்றிலிருந்து அந்தப் பொய்தான் எங்களுக்குக் குடை. கல்யாண வீட்டில் அதைத்தான் சொன்னோம். உறவுக்காரர்களிடம் அதைத்தான் சொன்னோம். செட்டிகுளம் மலைக்கோயிலில் அபிஷேகப் பாலை வேண்டாம் என்றபோதுகூட ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வரை.

வாசலில் ஒரு பெண் நின்றாள். ரெட்டிபாளையத்திலிருந்து விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். புருஷன் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை தன் விரல்களைக் கண்ணுக்கு நேராக ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். என் வீட்டிலும் அந்த விரல்கள் உண்டு.

"அக்கா, பச்சமலை மருந்துல ஒங்க புள்ள தேறி வருதாமே? பஸ்ல பாத்தவங்க சொன்னாங்க. அந்த வைத்தியரு எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்கக்கா. இவ அப்பா நாளைக்கி லீவு சொல்லியிருக்காரு, ஏறிப் போயிட்டு வந்துருவோம்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, உள்ளதைச் சொன்னேன். வைத்தியர் என்று யாரும் இல்லை. மருந்தும் இல்லை. கோதுமையையும் பாலையும் நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

"நீங்களும் வேணும்னா நிறுத்திப் பாருங்க" என்றேன்.

அவள் குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"பாலாக்கா? நாங்க என்னைக்கிக்கா பாலு வாங்குனோம்? தாய்ப்பாலு குடிச்சதோட சரி. எங்க வூட்டுல டீத்தண்ணிகூட பாலு ஊத்தாத வரத்தண்ணிதான். கோதுமையெல்லாம் ரேஷன் கடையில கண்ணால பாத்ததோட சரி. இவ வாய் வச்ச நாள்லேருந்து கம்பங்கூழும் சோளச்சோறும்தான்."

கதவில் நெற்றியை மோதவிட்டு, பட்டினி போட்டு, நான் என் மகனுக்குப் பழக்கிய பத்தியத்தில் அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து இருக்கிறாள்! எந்த டாக்டரும் சொல்லவில்லை. வறுமை வைத்த பத்தியம். அவளுக்கும் பேச்சு வரவில்லை. அவளும் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

'சில பிள்ளைகளுக்கு என்றுதானே சொன்னார்... பாபு அந்தச் சிலரில் ஒருவனாக இருக்கலாமே' என்று மனசு உடனே வக்காலத்து வாங்கியது. வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்துகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வைத்தியரு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. பரவால்லக்கா. ஒங்க புள்ளயாவது பேசட்டும்."

"இல்லீங்க, சத்தியமா இல்ல! என் பிள்ளை மேல..." என்று பாபுவின் தலையில் கையை வைக்கப் போனேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. புள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க."

போய்விட்டாள். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

"நாளைக்கித் தட்டைக்கு அரிசி ஊறப் போடணுமா?" என்று சாயங்காலம் கேட்டார் என் கணவர். போடச் சொன்னேன். இதையும் விட்டுவிட்டால் அவனுக்காக நான் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

ரெட்டிபாளையம் பக்கத்து வாசகர்களே, பச்சைமலைப் பக்கத்து வாசகர்களே... இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, இல்லாத வைத்தியரைத் தேடி ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தால், நான் எதையும் மறைக்கவில்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

அந்த மருந்து என்னிடம் இருந்திருந்தால், பாபு இந்நேரம் என்னை அம்மா என்று கூப்பிட்டிருப்பான்.