பூஜை மாடத்தில் செருப்பு

மனைவி போன கையோடு, மெட்டுகுடாவில் நான் கட்டிய வீட்டை ஒரே மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன், பாத்திரம் கரியானது. மகன் கொண்டாபூர் ஃபிளாட்டிலிருந்து வந்து நின்றான்.

“தனியா இருக்கறது நக்கோப்பா, வேண்டாம். டாக்டர் ஞாபக டெஸ்ட் வைக்கட்டும். பாஸ் ஆனா இங்கேயே இருங்க. இல்லேன்னா வீட்டை வித்துட்டு எங்க ஃபிளாட்டுக்கு வந்துடணும்.”

பாலாநகர் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க அடுத்தவன் வேலையைச் சோதித்துத் தள்ளுபடி செய்தவன் நான். இப்போது என் முறை.

யூடியூபில் ஒரு வழி கிடைத்தது. பழகிய வீட்டுக்குள் மனத்தால் நடக்க வேண்டும். நினைவில் நிற்க வேண்டியவற்றை வழியில் இடத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். மறுபடி நடந்தால் எல்லாம் அங்கேயே இருக்கும். கேட், ஹால், பூஜை மாடம், சமையலறை, கிணற்றடி. காய்கறி, ரயில் பெயர், தலைப்புச் செய்தி என்று தினமும் வைத்து எடுத்தேன். கிழட்டு மூளை சொன்னபடி கேட்டது. எனக்குக் கர்வமே வந்துவிட்டது.

டாக்டர் ஐந்து சொற்கள் சொன்னார். முதலில் குடை, கேட்டில் மாட்டினேன். அடுத்தது வாழைப்பழம், ஹால் நாற்காலியில் வைத்தேன். மூன்றாவது செருப்பு; வரிசைப்படி மூன்றாம் இடம் பூஜை மாடம்.

அந்த வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டியதில்லை. வேறெங்கே வைத்தாலும் வரிசை குழம்பிவிடும். டாக்டர் நான்காவது சொல்லுக்கு வாயைத் திறந்துவிட்டார். என் மனைவி தினமும் பூ வைத்த முருகன் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். மனத்துக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் ஐந்தையும் வரிசை பிசகாமல் சொன்னேன். அப்பாவுக்கு உங்களைவிட நல்ல ஞாபகம் என்று டாக்டர் தெலுங்கில் மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். “அப்போ நான் இங்கேயே இருக்கலாம்ல?”

“போன மாசமே அட்வான்ஸ் வாங்கியாச்சுப்பா.”

“பாஸ் ஆனா இருக்கலாம்னு நீதானேடா சொன்னே?”

“அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே.”

வாங்கியவன் வீட்டை இடித்துவிட்டான். கிணற்றையும் தூர்த்தாயிற்று என்று கேள்வி. ஃபிளாட்டில் சாமி கும்பிடக் கண்ணை மூடினால் பழைய மாடம்தான் வருகிறது. விளக்கு எரிகிறது, பக்கத்தில் அந்தச் செருப்பு கிடக்கிறது. வைக்கக் கற்றுக்கொடுத்த வீடியோவில் எடுத்துப்போடுவது எப்படி என்று சொல்லவில்லை.