அட்டை வைத்த கால்

இருபத்தொன்பது வயதில் என் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்தேன். காலையிலிருந்து மாலை வரை மேசை முன்னால் நின்றபடியே சட்டைகளில் நூல் பிசிறு வெட்ட வேண்டும். நின்று நின்று நரம்புகள் புடைத்துச் சுருண்டு, தோல் கறுத்து, ஒருநாள் சொறிந்த இடம் ஆறாமலே போனது. ஒன்றரை வருடம் களிம்பு, ஊசி, கட்டு என்று பார்த்தாயிற்று. புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பெண்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சென்னீர்குப்பத்தில் அட்டை விட்டுக் கெட்ட ரத்தம் எடுக்கும் ஆயுர்வேத வைத்தியர் இருப்பதாக என் கணவர் விசாரித்து வந்து சொன்னார். வெள்ளானூரிலிருந்து ஆவடி வந்து, அங்கே பூந்தமல்லி பஸ் பிடித்துப் போனோம். கணவர் வாசலில் பீடி பற்றவைக்க நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, கடைசியில் கேட்டார்.

“நாள் எதுனா தள்ளிப் போயிருக்காம்மா? வயித்துல புள்ள இருந்தா ரத்தம் எடுக்கக் கூடாது. பொறந்தப்புறம் வா.”

இருபது நாள் தள்ளியிருந்தது. எங்கள் ஒரே பெண்ணுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை என்பதால் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் காலோடு இன்னும் ஒரு வருடமா என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

“இல்லீங்க” என்றேன்.

காலைக் கழுவி, புண்ணைச் சுற்றி நான்கு அட்டைகளை விட்டு, மேலே ஈரத்துணி போட்டார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அட்டைகள் விரல் தடிமனுக்கு ஊதின. மஞ்சள்தூளைத் தூவியதும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடிவாயில் கட்டுப் போட்டும் மறுநாள் காலை வரை ரத்தம் கசிந்தது. ஆனால் குடைச்சல் குறைந்திருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்த வாரம் இரண்டாம் தடவையும் போனேன்.

அதன் ஐந்தாம் நாள் காலை, பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது வயிற்றில் பிடித்து இழுத்தது. பிறகு ரத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “கரு கலைஞ்சிருக்கு. உடம்புல ரத்தமும் கம்மி” என்றார். அட்டை வைத்ததைச் சொன்னேன். “அதனாலதான்னு சொல்ல முடியாது. தானாவும் கலையும்” என்றார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். கணவர் காதில் அது விழவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் தம்பியைக் கூப்பிட்டார். “வாடா, அந்த வைத்தியன் ஊட்டாண்ட போலாம். ஒரு வார்த்த கேக்காம ரத்தத்த எடுத்துகினு கீறான். அவன் கைய ஒடிக்காம வரமாட்டேன்.”

தம்பி சைக்கிளை எடுத்துவிட்டான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“போவாதீங்க. அவர் கேட்டாரு.”

“இன்னா கேட்டான்?”

“நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேட்டாரு. நான்தான் இல்லன்னேன்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தம்பி தலை குனிந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கணவர் அங்கேயே படியில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம், சொல்ல வேண்டியதைப் பெண்ணிடமே சொல்லி அனுப்பினார். “அம்மாவ மாத்திர போடச் சொல்லு” என்பார், நான் பக்கத்திலேயே இருக்கும்போது.

புண் ஆறிவிட்டது. மூன்றாம் தடவை போகாமலே, நான்கு மாதத்தில் தோல் மூடிக்கொண்டது. கம்பெனியில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கு அந்தக் காலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. புடவையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று பல வருடம் காத்திருந்தேன்.