இடையூறு: இல்லை

ஸ்டெபனி வீட்டை விட்டுப் போன அன்று எட்வேட் நாற்பத்தொன்றாவது தடவையாகப் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தார். 2019 ஒக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. மல்வேர்ன் வீட்டு நிலவறையில் முப்பது லீற்றர் பானை அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மகள் இரண்டு பெட்டிகளையும் வாசலில் வைத்துவிட்டு, படிக்கட்டில் பாதி இறங்கி நின்றாள்.

"அப்பா, நான் ரெடி. போவமா?"

எட்வேட் பானைக்குள் இருந்த கரண்டியை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார். "கொதி துவங்கீட்டுது பிள்ளை. இன்னும் ஐம்பது நிமிசம் கிடக்கு. இடையில மூண்டு தரம் ஹொப்ஸ் போடவேணும். அம்மாவோட ஒரு ராக்சியில போங்கோவன்."

"ஓக்கே அப்பா," என்றாள் அவள்.

எட்வேட் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். றோசலின் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவளுக்கு அந்தக் குரல் தெரியும். ராக்சி விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் மகள் சொன்னாள்: "கிராஜுவேஷனுக்கும் பாதியில எழும்பிப் போனவர் அம்மா. எதையோ வேற ஜாடிக்கு மாத்தவேணுமாம். எனக்குக் கோபம் ஒண்டும் இல்லை. இனி அவரிட்ட ஒண்டும் கேக்கமாட்டன். அவ்வளவுதான்."

அன்று இரவு உடுப்புத் தோய்க்கக் கீழே போன றோசலின் கணவரின் கொப்பியைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எட்வேட் ஒரு பக்கம் ஒதுக்குவார். தேதி, சூடு, பார்லியின் நிறை, ஹொப்ஸ் போட்ட நேரம் எல்லாம் கோடு போட்ட கட்டங்களில் இருக்கும். கடைசிக் கட்டம் 'இடையூறு'. கரண்ட் நின்றால், அடைப்பான் ஒழுகினால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதை கொடுத்தால் அங்கே எழுதுவார். நாற்பத்தொன்றாவது பக்கத்தில், அழகான சரிவெழுத்தில், 'இல்லை' என்று இருந்தது.

மன்னாரில் பிறந்து, இருபத்தாறு வயதில் இங்கே வந்து சேர்ந்தவர் எட்வேட். இருபத்திரண்டு வருடமாக ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் தயிர்க் கோப்பைகளுக்கு மூடி செய்யும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். மூடி வளைந்திருந்தால் எடுத்து எறியவேண்டும். அதுதான் வேலை. சாப்பிடப் போகவும் மணி அடிக்கவேண்டும், கழிப்பறைக்குப் போகவும் ஒருவரிடம் கைகாட்டவேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு, கூட வேலைசெய்த ஒரு போலந்துக்காரர் தன் வீட்டுப் பியரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்த மறுநாளே எட்வேட் பானை வாங்கினார்.

இத்தனைக்கும் அவர் குடிகாரர் இல்லை. ஒரு போத்தலைத் திறந்தால் பாதியைச் செடிக்கு ஊற்றுவார். அவருக்கு வேண்டியது காய்ச்சுவது. முளைவிட்டுக் காய்ந்த பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இனிப்பான சாறை வடித்து, ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, குறித்த நிமிடங்களில் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போடவேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் கசப்புக் கூடும், பிந்தினால் வாசம் மட்டும் நிற்கும். கழுத்தில் நூல் கட்டி ஒரு ரைமரைத் தொங்கவிட்டிருப்பார். அது அடித்தால் கோயில் பூசையில் நற்கருணை எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததுபோல நிமிர்வார்.

கொதி நடக்கும்போது சுவரில் மாட்டிய ரீவியில் ஒரு விஞ்ஞானப் படம் ஓடும். விண்வெளிக் கப்பல்கள், தூரத்துக் கிரகங்கள், பல் நிறைந்த ஜந்துக்கள். எட்வேட் அவற்றை ரசிப்பதைவிடத் திருத்துவதே அதிகம்.

"காத்தில்லாத இடத்தில வெடிச்சா எப்பிடியடா சத்தம் கேக்கும்? உவங்களுக்கு ஆர் படிப்பிச்சது?"

மூன்றாவது வீட்டு மரியோ, சனிக்கிழமைகளில் வந்து கதிரையில் காலை நீட்டிக் கிடப்பவர், "அண்ணை, அந்தப் பச்சைத் தலையன் இங்கிலீசு கதைக்கிறான், அது உங்களுக்குப் பரவாயில்லையோ?" என்று கேட்பார்.

"அதை அவன் படிச்சிருப்பான். சத்தம் எப்பிடி வரும்?"

கப்டன் ஆசனத்தை விட்டு எழும்பி யாரையாவது காப்பாற்ற ஓடினால் எட்வேட்டுக்குப் பொறுக்காது. "கப்டன் எண்டா கொன்ட்ரோல் றூமில நிக்கவேணும். இவன் போனா கப்பலை ஆர் பாக்கிறது?"

"கப்டன், மேல சோறு ஆறுது," என்று றோசலின் படிக்கட்டில் நின்று கூப்பிடுவாள். முந்தியெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒரு ஆவணி மாதம், மாதா பெருநாளுக்கு மிட்லண்ட் கோயிலுக்குப் போகும் வழியில், காரின் பின்பெட்டிக்குள் வெக்கையில் பதினொரு போத்தல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. சாப்பிடக் கொண்டுபோன றோல்ஸ் தட்டு முழுக்கப் பியர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்வேட் மட்டும் சிதறிய போத்தல்களின் அடிப்பாகத்தைப் புரட்டிக் காய்ச்சல் எண்ணைப் பார்த்தார். "முப்பத்திமூண்டு. அப்பவே நினைச்சனான். ரெண்டு நாள் முந்தி அடைச்சுப்போட்டன்." தப்பிய ஒரு போத்தலை மரியோ திறந்து குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கண்ணை. வேற சாதாரணப் பியர் ஏதும் கிடக்கோ?" என்றார்.

மகள் வேலைக்காக ஹலிபாக்ஸுக்குப் போனபின் எட்வேட் அவளை மறந்துவிடவில்லை. அதுதான் றோசலினுக்கு ஆறாத எரிச்சல். ஒவ்வொரு காய்ச்சலிலும் முதல் போத்தலின் மூடியில் 'ஸ்டெ' என்று எழுதி எடுத்துவைப்பார். வருடத்தில் இரண்டு தரம் றோசலின் மகளிடம் போகும்போது, அதைக் காலுறைக்குள் திணித்துப் பெட்டியின் நடுவில் வைத்துவிடுவார். ஹலிபாக்ஸில் மகளின் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அந்தப் போத்தல்கள் திறக்கப்படாமல் வரிசையாகக் கிடக்கின்றன. அதை றோசலின் வந்து சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. மகள் ஞாயிறுகளில் தாயுடன் பேசுவாள். எட்வேட் பக்கத்தில் வந்து, "குளிரோ எண்டு கேள்," என்பார். குளிர் என்று பதில் வரும். திருப்தியோடு கீழே இறங்குவார்.

போன வருட மார்கழியில் மகள் தாயிடம் சொன்னாள்: மாசியில் கல்யாணம். கூட வேலைசெய்யும் பெடியன், ஜூலியன். இருபது பேர், ஒரு சின்னக் கோயில். "அப்பாக்கு நீங்களாச் சொல்லாதேங்கோ அம்மா. அவர் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேக்கட்டும். ஒண்டே ஒண்டு. கேட்டா எல்லாத்தையும் சொல்லுங்கோ."

ஒரு கேள்விதானே என்று றோசலின் நினைத்தாள். கேட்கவைக்கலாம் என்றும் நினைத்தாள். கல்யாணக் கேக்குக்கான பேரீச்சம்பழத்தையும் முந்திரிகை வத்தலையும் பூசணி அல்வாவையும் பிரண்டியில் ஊறப்போட்டு, அந்தப் பெரிய போத்தலை வேண்டுமென்றே நிலவறையில் அவருடைய ஜாடிகளுக்கு நடுவில் வைத்தாள். கிறிஸ்மஸ் முடிந்து கேக் ஊறப்போடுகிறவள் யார் என்று கேட்கமாட்டாரா?

எட்வேட் இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். "றோசி, உது இஞ்ச கிடந்தா ஹீற்றர் சூடு பிடிக்கும்," என்று சொல்லி, போத்தலைச் சுவரோரத் தட்டுக்கு மாற்றினார். வாரம் ஒருதரம் பக்குவமாகக் குலுக்கியும் வைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

மாசியில் அவள் பெட்டி அடுக்கும்போது, "நீங்களும் வாருங்கோவன்," என்றாள்.

"சனிக்கிழமை காய்ச்சிறன். போத்தலைக் காலுறைக்குள்ள வைச்சிருக்கிறன், பாத்துக்கொண்டு போ."

பெட்டியில் ஒரு கல்யாணக் கூறைச் சேலை இருந்தது. அவர் போத்தலைக் காலுறையோடு அதன் மடிப்புக்குள்தான் வைத்திருந்தார்.

கல்யாணம் முடிந்து ஞாயிறு திரும்பிய றோசலின், கல்யாண வீடுகளில் கொடுப்பதுபோல வெள்ளிக் கடதாசியில் சுற்றிய ஒரு துண்டுக் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் ஈஸ்ற் ஜாடிக்கு முன்னால் வைத்தாள். புதன்கிழமை வேலை முடிந்து வந்த எட்வேட் கழுத்தில் ரைமரோடு ஜாடியை எடுக்க வந்தார். கேக்கைக் கண்டார். பிரித்து, நின்றபடியே வாயில் போட்டு, கண்ணை மூடினார்.

"அருமை. பிரண்டி ஒண்டரை மாசமாவது ஊறியிருக்கு." பிறகு, விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டு, "ஆற்ற கலியாணம் றோசி?" என்றார்.

றோசலின் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைத் தொட்டிக்குள் விட்டாள். கையைத் துடைத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு மூச்சு எடுத்தாள்.

ரைமர் அடித்தது.

"ஐயோ, கீழ அடுப்பில வைச்சனான்," என்று எட்வேட் ஜாடியை ஒரு கையிலும் வெள்ளிக் கடதாசியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். றோசலின் அங்கேயே நின்றாள். பதினைந்து நிமிடம் கழித்து அவர் மேலே வந்து சோறு போட்டுக்கொண்டார். அன்று தொழிற்சாலைக்கு வந்த புதுச் சுப்பர்வைசரைப் பற்றிச் சொன்னார். அந்தக் கேள்வியை மறந்திருந்தார். வலியச் சொல்லியிருக்கலாம். நாலரை வருடமாக அவருக்காகப் பேசிப் பேசி அவளுக்கு அலுத்திருந்தது.

சனிக்கிழமை தொண்ணூற்றாறாவது காய்ச்சல். ஹொப்ஸ் போட இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. எட்வேட்டின் கைத்தொலைபேசி ஒளிர்ந்தது. மகள் போனபின் அவளிடமிருந்து அவருக்கென்று வந்த முதல் செய்தி. கண்ணாடி இல்லாததால் அதை நீட்டிப் பிடித்து, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "ஸ்டெபி. என்ன எண்டு வாசி," என்றார். முகம் மலர்ந்திருந்தது.

றோசலின் வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, போன சனிக்கிழமை எனக்குக் கல்யாணம் முடிஞ்சுது. சனிக்கிழமை எண்டபடியால் உங்களைக் கேக்கேல்லை."

சுவரில் ஒரு கப்பல் சத்தமாக வெடித்தது. எட்வேட் திருத்தவில்லை.

"அந்தக் கேக்..." என்றார்.

"ஓம்," என்றாள் றோசலின்.

ரைமர் அடித்தது. அவர் அதை நிறுத்தவில்லை. தட்டில் இருந்த ஈஸ்ற் ஜாடியின் வாயை மூடியிருந்த, கேக் சுற்றி வந்த வெள்ளிக் கடதாசியை மெல்லக் கழற்றினார். பானை பொங்கி அடுப்பில் வழியத் தொடங்கியது. எட்வேட் கடதாசியை மேசையில் விரித்து, அதன் சுருக்கங்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.