வீடு பார்க்க வந்தவள்

யெசெனியாவுக்கு வேலை கிடைக்காததற்கு அவள் வாய் காரணமில்லை, விலாசம்தான் காரணம். மெடெயின் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் தகரக் கூரைகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும் பேட்டையில் அவள் வீடு. நேர்காணலில் எல்லாம் நன்றாகவே போகும். "எங்க குடியிருக்கீங்க?" என்ற கேள்வி வந்ததும் எதிரே இருப்பவர் முகம் மாறும். "சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். ஒரு மண்ணும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

அவளுக்கோ வேலை அவசரம். அம்மா எதில்மா நாள்கூலிக்கு வீட்டுவேலை செய்பவள். சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. இலவச வைத்திய வரிசையில் காத்திருந்தால் முறை வருவதற்குள் முழுக்க இருட்டிவிடும். மகளுக்கு நிரந்தர வேலை அமைந்தால் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அம்மாவையும் சேர்க்கலாம், கண் அறுவை சிகிச்சை சீக்கிரம் நடக்கும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இந்த முறை ஒரு பெரிய அங்காடியில் காசாளர் வேலை. கீழே நல்ல தெருவில், எதில்மா வேலை செய்யும் பியெதாத் அம்மாவின் விலாசத்தையே யெசெனியா கொடுத்துவிட்டாள். "தாராளமா எழுதிக்கடி. எழுதினா வீடு தேய்ஞ்சா போயிடும்?" என்றாள் அந்தக் கிழவி.

எதில்மா மக்காச்சோள ரொட்டி சுட்டபடியே மகளைத் தயார் செய்தாள்.

"உங்ககிட்ட இருக்கற குறை என்ன, சொல்லுங்க பாப்போம்?"

"எடுத்த வேலைய முடிக்காம நான் வீட்டுக்குப் போக மாட்டேங்க."

"இது ஒரு குறையாடி? அப்ப நான் காலம்பூரா குறையிலயே ஊறிக் கெடக்கறேன்!"

சிரித்த சிரிப்பில் ஒரு ரொட்டி கருகியது.

நேர்காணலில் யெசெனியா தேறினாள். ஆனால் எங்கள் ஊரில் அதோடு முடிவதில்லை. வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள். யார் யார் இருக்கிறார்கள், சுவர் எப்படி, குளியலறை எப்படி என்று துருவுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் தோற்றார்கள் போங்கள். பியெதாத் அம்மா அத்தை என்றும், அம்மா கிராமத்தில் இருக்கிறாள் என்றும் சொல்வதாக ஏற்பாடு. எதில்மா எப்போதும்போல் சமையலறையில் இருப்பாள்.

வந்தவள் பெயர் மார்செலா. சின்னப் பெண், இனிமையாகத்தான் பேசினாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது எதில்மா காப்பி கொண்டுவந்தாள். ஒரு கையால் நாற்காலி முதுகைத் தடவித் தடவி வந்தாள். கோப்பையை வைக்கும்போது கொஞ்சம் சிந்தியது. யெசெனியா பதறி எழுந்து பிடித்தாள். மார்செலா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவங்க உங்க சொந்தமா? மூக்கும் தாடையும் அச்சு அசலா உங்கள மாதிரியே இருக்கே!"

யெசெனியாவுக்குப் பயத்தில் கிராமம், ஏற்பாடு எல்லாம் மறந்துபோனது.

"இல்ல மேடம், வேலைக்காரம்மா. எங்கம்மா செத்துப் போயிட்டாங்க."

எதில்மா சிந்திய காப்பியைத் துடைத்தாள். பிறகு நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "அவங்க ஆத்மா சாந்தியடையட்டும். தங்கமான மனுஷி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் முழு வேகத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் நிற்கவில்லை.

சாயங்காலம் மலைப்படி ஏறும்போது எதில்மாதான் முதலில் பேசினாள். "சாகடிச்சதுதான் சாகடிச்சே, ரெண்டு சொட்டுக் கண்ணீராவது விட்டிருக்கக் கூடாதா?" யெசெனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. தாயும் மகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு கூத்தாடினார்கள், அண்டை வீட்டாருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். முதல் நாள் காப்பீட்டு விவரம் பதிய மார்செலாவே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா இல்லேன்னு அன்னிக்கே சொன்னீங்க, பாவம். கல்யாணமும் ஆகல. அப்ப காப்பீட்டுல நீங்க ஒருத்தர்தான், சரியா?"

இந்த ஒன்றை மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு காப்பீடும் போகும். சொல்லாவிட்டால் அம்மாவுக்குக் காப்பீடே இல்லை. முன்னால் போனால் கிணறு, பின்னால் போனால் பள்ளம்.

"சரிங்க மேடம்" என்றாள்.

வீட்டில் எதில்மா வாசலிலேயே காத்திருந்தாள். "சேத்தாச்சாடி? எப்ப வரச் சொன்னாங்க?"

அம்மாவிடம் பொய் சொல்ல யெசெனியாவுக்கு நா எழவில்லை. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். எதில்மா மகளின் முகத்தைத் தடவிக் கண்ணீரைத் துடைத்தாள்.

"விடு கண்ணு. செத்தவளுக்கு எதுக்குடி கண்ணு?"

சொன்னவள் அதற்குமேல் தாங்காமல் மகளின் தோளில் சாய்ந்து குலுங்கி அழுதாள். அந்தத் தோளில் இருந்தது புதுச் சீருடை. மறுநாள் காலை அதையே மாட்டிக்கொண்டு யெசெனியா வேலைக்குப் போனாள்.