மூலை அறையில் குறை இல்லை

நான்கு ஸ்க்ரூக்களை வாயில் கவ்விக்கொண்டு, ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி, நெட்டக்கா வைஃபை பெட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "கண்ணு மட்டும் நல்லா சிமிட்டத் தெரியுது. வேலைன்னு வந்தா ஒண்ணுமில்ல. உன்னையும் கட்டிக்கிட்டு அழறேன் பாரு." கீழே ஏணியைப் பிடித்திருக்கும் இரண்டு மாணவிகளும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குகிறார்கள். கூடவே ஏணியும் குலுங்குகிறது. "சிரிக்கிறதுன்னா பிடியை விட்டுட்டுச் சிரிங்கடி. பிடிச்சுக்கிட்டே சிரிச்சா நான்ல விழுவேன்!"

மகளிர் விடுதியில் நெட் சரிபார்க்கிற அக்கா என்பது சுருங்கி நெட்டக்கா ஆகிவிட்டது. பெயரைக் கேட்டுப் புதுப்பிள்ளைகள் ஆறடியில் ஒருவரை எதிர்பார்த்துக் கதவைத் திறப்பார்கள். யாரும் இல்லை என்று நினைத்து, பிறகு பார்வையைத் தாழ்த்துவார்கள். "பேர்லயாவது என்னை வளர விடுங்களேன்" என்பார். வயது நாற்பத்திரண்டு. படிகளை இரண்டிரண்டாகத் தாவித்தான் ஏறுவார். புதிய கருவி ஏதாவது வந்து இறங்கினால் போதும், அட்டைப்பெட்டியைப் பிரிக்குமுன் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொள்வார்.

நெட்டைப் பழித்தால் மட்டும் பொறுக்கமாட்டார். பிள்ளைகள் கெடுவதே இதனால்தான் என்று வார்டன் ஒருமுறை அலுத்துக்கொண்டபோது, "கம்பி என்ன மேடம் பண்ணும்? ரெண்டு முனையிலயும் ஆள் இருந்தா பேச்சு. ஒரு முனையில மட்டும் ஆள் இருந்தா அது வெறுங்கம்பி" என்றார். வீட்டில் அவர் மகன் பக்கத்து அறையிலிருந்து 'தண்ணி' என்று செய்தி அனுப்புவான். இவர் குடத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இரண்டாவது குடத்துக்கு அவனே எழுந்து வந்துவிடுவானாம்.

விடுதி வாசலில் கயிறு கட்டித் தொங்கும் குறைநோட்டுதான் அவருக்குப் பிடித்த வாசிப்பு. 'நெட் ஆமை மாதிரி இருக்கு. ஆமைக்காவது ஓடு இருக்கு' என்று ஒருத்தி எழுதியிருப்பாள். 'ஓடிக் காட்டு, ஓடு தரேன்' என்று சிவப்பு மையில் இவர் பதில் எழுதுவார். சண்டை போடப் போட அந்தப் பிள்ளைமேல் அவருக்குப் பிரியம் கூடும். குறை சொல்கிறவளுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்பது அவர் கணக்கு.

மூன்றாம் மாடி மூலை அறை 317. பின்னால் தண்ணீர்த்தொட்டி, இரண்டு பக்கமும் தடித்த சுவர். வைஃபை அலை அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆறு வருடமாக அந்த அறையில் யார் இருந்தாலும் வாரம் தவறாமல் குறை எழுதினார்கள். இந்த வருடம் வந்த முதலாமாண்டுப் பெண்ணும் 'தயவுசெய்து' போட்டு, முற்றுப்புள்ளி வைத்து, நான்கு முறை எழுதினாள். நெட்டக்கா பெட்டியை நான்கடி நகர்த்தி மாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு 317-இலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. நெட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆறு வருஷத்து நோயை ஒரே ஆணியில தீர்த்துட்டேன்!" என்று காவலாளியிலிருந்து வார்டன் வரை எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார். அன்றைய பக்கத்தில் '317: குறை இல்லை' என்று தன் கையாலேயே எழுதி நட்சத்திரமும் போட்டுக்கொண்டார்.

தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில், ஒரு பிற்பகல், அவர் கயிற்றிலிருந்து அவிழ்த்து வந்த குறைநோட்டைப் புரட்டிக்கொண்டு வார்டன் மேசையருகே நின்றிருந்தார். தொலைபேசி ஒலித்தது. 317-இன் அம்மா. ஒலிபெருக்கியில் குரல் நடுங்கி வந்தது.

"மூணு வாரமா பொண்ணோட குரலே கேக்கல மேடம். சாப்டியான்னு கேட்டா கட்டைவிரலை அனுப்புறா. தூங்கினியான்னு கேட்டாலும் கட்டைவிரல்தான். மனசு கேக்காம, அழறியாம்மான்னு கேட்டேன். அதுக்கும் கட்டைவிரல் வருது மேடம்."

வார்டன் தன் கைபேசியைத் தட்டிப் பார்த்தார். "இதோ, இப்பக்கூட ஆன்லைன்லதான் இருக்கா. பரீட்சை நேரம்மா, படிப்பா. கவலைப்படாதீங்க."

நெட்டக்காவின் விரல் நோட்டில் நின்றுவிட்டது. மூன்று வாரம். அலை சரியானதால் அவள் எழுதாமல் இல்லை. எழுதுகிறவளே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள்.

அன்று படிகளை மும்மூன்றாகத் தாவினார். 317-இன் கதவைத் தட்டினார். "ஒண்ணுமில்லக்கா. படிக்கிறேன்." உயிரோடு ஒரு குரல். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அது கட்டைவிரல் மாதிரியே ஒரு குரல். பக்கத்து அறை 316-ஐத் தட்டினால், கதவு நாலு விரற்கடை திறந்தது. "அவளா? குரூப்ல இருக்காளேக்கா. நோட்ஸ் கேட்டேன், ஓக்கே போட்டா."

"நேர்ல எப்ப பாத்த?"

316 யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

நெட்டக்கா நடைவழிக் கோடியில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கு ஓடினார், திறந்தார், மூன்றாம் மாடியின் நெட்டை அணைத்தார்.

பத்து எண்ணுவதற்குள் எறும்புப்புற்றில் தண்ணீர் ஊற்றியது போல ஆயிற்று. முப்பது கதவுகள் படபடவென்று திறந்தன. "அக்கா, வீடியோ பாதியில நின்னுடுச்சு!" "அய்யோ, அசைன்மெண்ட் போய்க்கிட்டிருந்துச்சுக்கா!" ஒருத்தி தலையில் ஷாம்பு நுரையோடு வந்து நின்றாள். ஒரே மாடியில் ஐந்து மாதம் குடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "நீயும் இந்த மாடிதானா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அத்தனை கூச்சலுக்கும் ஒரு கதவு மட்டும் அசையவில்லை.

"நெட் போச்சும்மா, வெளிய வா" என்று தட்டினார்.

"போச்சா? தெரியலக்கா."

நெட்டக்கா கதவோடு கன்னத்தை ஒட்டினார். அவருக்குப் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. பழுது கேட்டுத்தான் பழக்கம். "கண்ணு, உன் ரூம் சரியாயிடுச்சுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். வந்து ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னுதுதான். நிஜமா சொல்லு, சரியாகலைல்ல?"

உள்ளிருந்து மெல்ல, "ஆகலக்கா."

தாழ்ப்பாள் விலகியது. சீவாத தலை, மூடிய திரை, கட்டில் முழுக்கத் தாள்கள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சொன்னாள்: "முதல் டெஸ்ட்லயே போச்சு. போனைத் திறந்தா எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருக்காங்க. எனக்கு மட்டும்தான்க்கா முடியல. இருந்து என்ன பண்ணப்போறேன்னு தோணுது."

"யாருடி சிரிச்சா?" என்று 316 பாய்ந்தாள். "எனக்கு மூணு பேப்பர் புட்டுக்கிச்சு! நான் சிரிக்கிற அந்தப் போட்டோ போன வருஷத்துது!" ஷாம்புக்காரி நுரையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு" என்றாள். 317-க்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. பொங்கிப் பொங்கி வந்தது. 316 அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

'இருந்து என்ன பண்ணப்போறேன்' என்று அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நெட்டக்கா அலட்சியம் செய்யவில்லை. "ஓடு, கவுன்சலர் மேடத்தைக் கையோட கூட்டிட்டு வா. அவங்க வர்ற வரைக்கும் யாரும் இவளைத் தனியா விடக்கூடாது" என்று ஒருத்தியை அனுப்பினார். அந்தப் பெண்ணிடமே அம்மாவின் எண்ணைக் கேட்டுத் தன் கைபேசியில் போட்டு, அவள் காதில் வைத்தார். "இதுக்கு நெட் வேணாம். பேசு."

"அம்மா" என்றாள். மறுமுனையும் அழுதது. இரண்டு முனையிலும் ஆள் இருந்தது.

நடைவழியில் அங்கங்கே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரித்தார்கள். யாரோ சீப்பு கொண்டுவந்தார்கள். கீழிருந்து வார்டன் குரல் கொடுத்தார்: "மூணாவது மாடிக்கு என்னம்மா ஆச்சு? நெட் எப்ப வரும்?"

"பெரிய கோளாறு மேடம்! இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்!" என்று கத்திவிட்டு, நெட்டக்கா சுவிட்ச் பெட்டியின் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.